பூட்டைத் திறந்தவர்

உரைநடை உலகம்

*நூலும் அரும்பொருளும் ஒரு சமுதாயத்தின் நினைவுகள். அவற்றைத் தேடித் திரட்டுவது ஒரு பணி. பழுதுபடாமல் காப்பது மற்றொரு பணி. உரியவர் கையில் சேர்ப்பது மூன்றாவது பணி. மூன்றாவது பணி நிறைவேறாவிட்டால் முன்னிரண்டும் யாருக்காக என்னும் வினா எழுகிறது. நாற்பது ஆண்டுகள் இவ்வினாவை எழுப்பி, நூலகத்தையும் அருங்காட்சியகத்தையும் ஒருசேர நடத்தி, அதற்குச் செயலால் விடையளித்த ஒருவரைப் பற்றியது இப்பாடம்.*

அறிவுக்குக் காவல்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை அமெரிக்கப் பொது நூலகங்கள் பலவற்றில் வாசகர் நூலடுக்குகளின் அருகே செல்ல இயலாது. நூல்கள் உள்ளறையில் இருக்கும். வாசகர் வெளியே மேசையின் முன் நிற்பார். நூற்பட்டியலைப் பார்த்து, வேண்டிய நூலின் பெயரைச் சீட்டில் எழுதித் தருவார். பணியாளர் உள்ளே சென்று அந்நூலை எடுத்து வருவார். எந்த நூல் வேண்டும் என்பதை முன்னரே அறிந்தவருக்கு இம்முறை போதுமானது. எதைப் படிப்பது என்றே அறியாமல், அறியும் வேட்கை ஒன்றை மட்டுமே கொண்டு வந்தவருக்கு இம்முறையால் பயனில்லை. சிறுவர்களுக்கோ பல நூலகங்களில் இடமே இல்லை.

அருங்காட்சியகங்களின் நிலை இன்னும் ஒருபடி விலகியிருந்தது. கோயிலையோ அரண்மனையையோ ஒத்த பெருங்கட்டடங்கள், பெரும்பாலும் மக்கள் நடமாட்டம் மிகுந்த தெருக்களுக்கு அப்பால், பூங்காக்களின் நடுவே எழுப்பப்பட்டன. செல்வர்கள் அயல்நாடுகளில் வாங்கிவந்த ஓவியங்களும் சிலைகளும் அங்கு வைக்கப்பட்டன. நாள் முழுவதும் ஆலையில் உழைப்பவர் அங்குச் செல்வதற்கு நேரமும் இல்லை. சென்றால் தமக்கு அங்கு இடமுண்டு என்னும் எண்ணமும் இல்லை. பொதுமக்களின் வரிப்பணத்தில் நடந்தவையும் பொதுமக்களுக்குத் தொலைவிலேயே நின்றன. இந்நிலையை மாற்ற முனைந்தவர்களுள் முதன்மையானவர் ஜான் காட்டன் டானா.

பல தொழில் கண்டவர்

டானா 1856 ஆகஸ்டு 19 அன்று அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் உட்ஸ்டாக் என்னும் சிற்றூரில் வணிகர் குடும்பத்தில் பிறந்தார். டார்ட்மத் கல்லூரியில் பயின்று 1878 இல் பட்டம் பெற்றபின் சட்டம் கற்றார். உடல்நலக் குறைவின் காரணமாக, வறண்ட காற்றும் உயர்ந்த நிலமும் கொண்ட கொலராடோ மாநிலத்திற்குச் சென்றார். அங்கு நில அளவைப் பணியில் ஈடுபட்டார். வழக்கறிஞர் தொழிலையும் இதழ்ப்பணியையும் செய்து பார்த்தார். எதிலும் அவர் மனம் நிலைகொள்ளவில்லை.

1889 இல் கொலராடோவின் தலைநகரான டென்வரில் பொது நூலகத்தின் பொறுப்பு அவரிடம் வந்தது. அப்போது அவருக்கு வயது முப்பத்துமூன்று. நூலகப் பயிற்சி எதையும் அவர் பெற்றிருக்கவில்லை. நூலகம் இப்படித்தான் இருக்கவேண்டும் என்னும் பழக்கம் அவரிடம் படியாதிருந்ததே ஒருவகையில் நன்மையாயிற்று. உள்ளறை எதற்கு, மேசை எதற்கு, சீட்டு எதற்கு என்று ஒவ்வொன்றையும் புதிதாக வந்தவரின் கண்கொண்டு அவரால் கேட்க முடிந்தது.

திறந்த அடுக்குகள்

டென்வர் நூலகம் பள்ளி வட்டாரத்தின் நிருவாகத்தில், உயர்நிலைப் பள்ளிக் கட்டடத்திலேயே இயங்கியது. டானா அங்கு நூலடுக்குகளை வாசகர்களுக்குத் திறந்துவிட்டார். எவரும் அடுக்குகளின் இடையே நடக்கலாம். நூலை எடுத்துப் புரட்டலாம். வேண்டாமெனில் வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கலாம். ஒரு நூலைத் தேடிச் சென்றவர் அதன் அருகிலுள்ள மற்றொரு நூலைக் கண்டெடுக்கும் வாய்ப்பு இதனால் உருவாயிற்று. இன்று நமக்கு இயல்பாகத் தோன்றும் இம்முறை அன்று துணிச்சலான செயலாகக் கருதப்பட்டது.

நூல்கள் களவு போகும், வரிசை குலையும், தாள்கள் கிழியும் என்று எதிர்ப்புகள் எழுந்தன. இவற்றை அஞ்சியவர்கள் தீய எண்ணம் கொண்டவர்கள் அல்லர். நூலைக் காப்பதே நூலகரின் தலையாய கடமை என்று கற்பிக்கப்பட்டவர்கள். டானாவோ கணக்கை வேறுவிதமாகப் போட்டார். சில நூல்கள் தொலைவதும் தேய்வதும் இழப்பே. ஆயினும் ஆயிரக்கணக்கான நூல்கள் ஒருவர் கையும் படாமல் அடுக்கில் கிடப்பது அதனினும் பெரிய இழப்பு. முதல் இழப்பு ஏட்டில் பதிவாகிறது. இரண்டாவது இழப்பு எந்த ஏட்டிலும் பதிவாவதில்லை. பதிவாகாத அந்த இழப்பையும் கணக்கில் சேர்த்ததே அவர் செய்த மாற்றத்தின் அடிப்படை.

1894 இல் சிறுவர்க்கெனத் தனி அறை ஒன்றை அந்நூலகத்தில் அமைத்தார். அந்நாட்டில் சிறுவர்க்கென அமைந்த தொடக்ககால நூலகப் பிரிவுகளுள் அதுவும் ஒன்று. அவருடைய பணியைக் கண்ட நூலகர்கள் 1895 இல் அவரை அமெரிக்க நூலகச் சங்கத்தின் தலைவராகத் தேர்ந்தெடுத்தனர்.

1898 இல் அவர் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகர நூலகத்திற்குச் சென்றார். அங்கு நூலகத்தை நடத்திய சங்கத்தின் பொறுப்பிலேயே அருங்காட்சியகங்களும் இருந்தன. நூலும் பொருளும் ஒரே குடையின்கீழ் இருப்பதை டானா அங்கு அருகிருந்து கண்டார்.

உழைப்பவர் நகரம்

1902 இல் நியூ ஜெர்சி மாநிலத்தின் நியூவார்க் நகரப் பொது நூலகத்தின் தலைமையை டானா ஏற்றார். அடுத்த இருபத்தேழு ஆண்டுகள், தம் மறைவுவரை, அந்நகரமே அவருடைய களமாயிற்று.

நியூவார்க் ஒரு தொழில் நகரம். தோல் பதனிடுதல், நகைத் தொழில், காப்பீடு ஆகியவற்றால் வளர்ந்தது. 1900 இல் ஏறத்தாழ 2,46,000 ஆக இருந்த அதன் மக்கள்தொகை 1910 இல் 3,47,000 ஐக் கடந்தது. அவர்களுள் பெரும்பாலோர் இத்தாலி, ஜெர்மனி, போலந்து, ரஷ்யா முதலிய நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்களும் அவர்தம் பிள்ளைகளும் ஆவர். பலருக்கு ஆங்கிலம் புதிய மொழி. நூலகம் என்பது தமக்குரிய இடம் என்று அவர்கள் எண்ணுவதற்குக் காரணம் எதுவும் இல்லை.

அக்காரணத்தை உருவாக்குவதே நூலகரின் வேலை என்று டானா கருதினார். குடியேறியவர்களின் தாய்மொழி நூல்களை நூலகத்தில் சேர்த்தார். 1904 இல் வணிகர்களும் அலுவலகப் பணியாளர்களும் நடமாடும் நகர மையத்தில் வணிகக் கிளை நூலகம் ஒன்றைத் திறந்தார். முகவரி ஏடுகள், நிலப்படங்கள், தொழில் இதழ்கள் ஆகியன அங்கு இருந்தன. நாட்டிலேயே இவ்வகையில் அது முன்னோடியாக விளங்கியது. இதழ்களிலிருந்து படங்களை வெட்டியெடுத்து, அட்டையில் ஒட்டி, பொருள்வாரியாகப் பகுத்து, ஆசிரியர்களுக்கும் தொழிற்கலைஞர்களுக்கும் இரவல் தந்தார். தொழில், வணிக நிறுவனங்களின் நூலகங்களுக்கென 1909 இல் சிறப்பு நூலகச் சங்கம் தோன்றியபோது அதன் முதல் தலைவரும் அவரே.

நூலகத்தின் மேல்தளத்தில் ஓர் அருங்காட்சியகம்

நூலால் மட்டும் எல்லாவற்றையும் கற்பிக்க இயலாது. பட்டுத்துணியின் மென்மையை எவ்வளவு எழுதினாலும் அதைக் கண்டறிவதற்கு ஈடாகாது. இவ்வுண்மையை உணர்ந்திருந்த டானா நூலகத்தின் மேல்தளத்தில் கண்காட்சிகளை நடத்தி வந்தார். ஜார்ஜ் ராக்வெல் என்னும் மருந்தாளுநர் திரட்டிய ஜப்பானியக் கலைப்பொருள் தொகுப்பு அங்குக் காட்சிக்கு வைக்கப்பட்டது. அத்தொகுப்பை வாங்குவதற்கு நியூவார்க் நகராட்சி 10,000 டாலர் வழங்கியது. 1909 இல் நியூவார்க் அருங்காட்சியகச் சங்கம் அமைக்கப்பட்டது. நூலகத்தின் நான்காம் தளமே அதன் முதல் இல்லமாயிற்று. நூலகத்தின் தலைமையோடு அருங்காட்சியகத்தின் தலைமையையும் டானா வகித்தார்.

இரண்டு பணிகளும் அவருக்கு ஒன்றாகவே தோன்றின. நூலகர் நூலை வாங்குகிறார், பதிவேட்டில் சேர்க்கிறார், பகுக்கிறார், பட்டியலிடுகிறார், தேடி வருபவருக்கு எடுத்துத் தருகிறார். காப்பாட்சியரும் பொருளைப் பொறுத்தவரை இவற்றையே செய்கிறார், கடைசிச் செயலைத் தவிர. அந்தக் கடைசிச் செயலையும் அருங்காட்சியகம் செய்தால் என்ன என்று டானா கேட்டார்.

அதன் விளைவே பொருள்களை இரவல் வழங்கும் திட்டம். தாதுக்கள், பதப்படுத்திய பறவைகள், பல நாட்டு உடையணிந்த பொம்மைகள், மாதிரி உருவங்கள் முதலியன பள்ளிகளுக்கென்றே தனியே திரட்டப்பட்டன. ஆசிரியர் தம் பாடத்திற்கு ஏற்ற பொருளைத் தேர்ந்து, நூலை இரவல் பெறுவதுபோலவே வகுப்பறைக்குப் பெற்றார். மாணவர் அருங்காட்சியகத்தைத் தேடிச் செல்லும் நிலை மாறி, அருங்காட்சியகம் மாணவரைத் தேடி வந்தது. லூயிஸ் கானலி என்னும் கல்வியாளர் இப்பணியில் டானாவுக்குத் துணைநின்றார். அருங்காட்சியகங்களின் கல்விப் பயனை ஆராய்ந்து அவர் எழுதிய நூலை 1914 இல் நியூவார்க் அருங்காட்சியகச் சங்கம் வெளியிட்டது.

எது அரும்பொருள்?

அரும்பொருள் என்பது தொன்மையானதாகவோ விலை மிக்கதாகவோ கிடைத்தற்கரியதாகவோ இருத்தல் வேண்டும் என்பது பொதுவான எண்ணம். டானா இவ்வெண்ணத்தையே கேள்விக்கு உட்படுத்தினார். 1912 இல் ஜெர்மனியின் புதிய பயன்கலைப் பொருள்களைக் காட்சிப்படுத்தினார். 1915 இல் நியூ ஜெர்சியின் களிமண் தொழிற்பொருள்களும், அடுத்த ஆண்டில் அம்மாநிலத்தின் நெசவுப் பொருள்களும் காட்சிக்கு வந்தன. ஆலையில் தாம் உருவாக்கிய பொருளைக் காட்சிப்பேழையில் காணும் தொழிலாளி, அவ்விடம் தமக்கும் உரியது என்பதை எவரும் சொல்லாமலே உணர்வார்.

1916 இல் நடைபெற்ற 'தாயகங்கள்' என்னும் கண்காட்சி இன்னும் நுட்பமானது. குடியேறிய குடும்பங்கள் தம் பிறந்த நாடுகளிலிருந்து கொண்டுவந்து பேணிய கைவினைப் பொருள்கள் அதில் இடம்பெற்றன. புதிய நாட்டின் மொழியையும் நடையையும் பள்ளியில் கற்றுவரும் பிள்ளைகள், பெற்றோரின் பழைய மொழியையும் உடையையும் கண்டு கூசுவது குடியேறிகளின் வாழ்வில் நேரும் துயரங்களுள் ஒன்று. தாயின் கைவேலைப்பாட்டை ஊரார் நின்று பார்க்கும்போது அப்பிள்ளையின் பார்வையும் மாறும். ஒரு பொருளை எங்கே வைக்கிறோம் என்பதும் ஒருவகைக் கல்வியே.

1920 களின் இறுதியில் நடந்த ஒரு கண்காட்சியோ பலரை வியப்பில் ஆழ்த்தியது. சாதாரணக் கடைகளில் 50 சென்டுக்கு மேற்படாத விலையில் வாங்கிய கிண்ணங்களும் குவளைகளும் பிற வீட்டுப் பொருள்களும் அருங்காட்சியகத்தில் அழகுற அடுக்கி வைக்கப்பட்டன. விலையும் தொன்மையும் அருமையும் அழகின் அளவுகோல்கள் அல்ல என்பதே அதன் செய்தி. எளிய வருவாய் உடையவரும் நல்ல வடிவமைப்பைத் தேர்ந்து வாங்கலாம். அத்தேர்வுக்குக் கண்ணைப் பழக்குவது அருங்காட்சியகத்தின் கடமை என்று டானா நம்பினார். இதனால் அவர் வாழுங்காலக் கலையைப் புறக்கணித்தார் என்று கொள்ளுதல் தவறு. புதுமை ஓவியரான மேக்ஸ் வெபரின் படைப்புகளுக்கு 1913 இலேயே நியூவார்க் அருங்காட்சியகம் தனிக் கண்காட்சி நடத்தியது.

தம் கருத்துகளை 1917 இல் வெளியான 'புதிய அருங்காட்சியகம்', 'அருங்காட்சியகத்தின் இருள்' என்னும் பொருள்படும் தலைப்புகளையுடைய நூல்களில் அவர் விளக்கினார். மக்கள் எளிதில் வந்துசேரும் இடம், வசதியான நேரம், தெளிவான விளக்கக் குறிப்புகள், அடிக்கடி மாறும் காட்சிகள் ஆகியவற்றால் பெரிய பல்பொருள் அங்காடி ஒன்று, அன்றைய அருங்காட்சியகங்களைவிட நல்ல அருங்காட்சியகத்தின் இலக்கணத்தோடு நெருங்கி நிற்பதாக அவர் எடுத்துக்காட்டினார். வணிகத்தோடு கலையை ஒப்பிடுவதா என்று சிலர் முகம் சுளித்தனர். அங்காடியின் இலாப நோக்கத்தை அன்று, வருபவரை மதிக்கும் அதன் முறையையே அவர் சுட்டினார். பின்னாளில் அருங்காட்சியகத்திற்குத் தனிக் கட்டடம் எழுப்பப் பொருளுதவி அளித்தவர் அங்காடி உரிமையாளரான லூயிஸ் பாம்பர்கர் என்பது இங்கு நினைக்கத்தக்கது. 1926 இல் அக்கட்டடம் நகரின் நடுவே, நூலகத்திற்கு அண்மையில் திறக்கப்பட்டது.

காத்தலும் வழங்கலும்

இங்கு ஓர் ஐயம் எழலாம். எல்லாவற்றையும் எல்லார் கையிலும் கொடுத்துவிட்டால் அடுத்த தலைமுறைக்கு என்ன எஞ்சும்? இது புறக்கணிக்கத்தக்க ஐயமன்று. ஒளி பட்டால் ஓவியத்தின் நிறம் மங்கும். ஈரம் மிகுந்தால் தாளில் பூஞ்சை படரும். கை படப்பட உலோகம் கறுக்கும். ஒரே ஒரு படி மட்டும் எஞ்சியுள்ள ஓலைச்சுவடி ஒருமுறை அழிந்தால் மீளாது.

நியூவார்க்கின் நடைமுறையிலேயே இதற்கு விடை இருக்கிறது. பள்ளிகளுக்கு இரவல் தரப்பட்டவை அதற்கென்றே திரட்டப்பட்ட பொருள்கள்; ஈடுசெய்ய இயலாதவை அருங்காட்சியகத்தில் காக்கப்பட்டன. ஆகவே, காப்பதா வழங்குவதா என்பதன்று கேள்வி. எதைக் காக்கவேண்டும், எதை வழங்கவேண்டும், காக்கவேண்டியதையும் மக்கள் அறியுமாறு எவ்வாறு காட்டவேண்டும் என்பவற்றைப் பகுத்தறிந்து முடிவு செய்வதே இத்துறைக்குத் தலைமை ஏற்பவரின் திறன். இன்று மின்வருடல் வழியாக அரிய சுவடியின் படத்தை உலகெங்கும் வழங்கிவிட்டு மூலத்தைப் பாதுகாப்பறையில் வைக்க முடிகிறது. கருவி புதிது, முடிவெடுக்கும் பொறுப்பு பழையதே. பாதுகாப்பு என்னும் சொல் சோம்பலுக்குத் திரையாகிவிடாமல் பார்த்துக்கொள்வதும் அப்பொறுப்பில் அடங்கும்.

தொடரும் மரபு

தனி ஒருவரோடு ஒரு பணி முடிந்துவிடக் கூடாது என்பதில் டானா கருத்தாக இருந்தார். 1925 இல் அருங்காட்சியகப் பணிக்கான பயிற்சி வகுப்பை நியூவார்க்கில் தொடங்கினார். பின்னாளில் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் புகழ்பெற்ற காப்பாட்சியராகத் திகழ்ந்த டோரதி மில்லர் அங்குப் பயிற்சி பெற்றவரே. 1929 ஜூலை 21 அன்று டானா மறைந்தார். அவருக்குத் துணை நூலகராக நெடுங்காலம் உழைத்த பியாட்ரிஸ் வின்சர் என்னும் அம்மையார் நூலகம், அருங்காட்சியகம் ஆகிய இரண்டின் தலைமையையும் ஏற்றார். பெண்கள் நிறுவனத் தலைமைக்கு வருவது அரிதாக இருந்த காலம் அது.

டானா மறைந்த இரண்டாண்டுகளில், 1931 இல், சென்னையில் ஒரு நூல் வெளிவந்தது. சென்னைப் பல்கலைக்கழக நூலகராக 1924 இல் பொறுப்பேற்ற சீர்காழி இரா. அரங்கநாதன் எழுதிய 'நூலக அறிவியலின் ஐந்து விதிகள்' என்பதே அது. நூல்கள் பயன்பாட்டிற்கு உரியவை என்பதே அவர் வகுத்த முதல் விதி. திறந்த அடுக்கு முறையை அவரும் வலியுறுத்தினார். வெவ்வேறு நிலங்களில் வாழ்ந்த இருவர் ஒரே உண்மையை வந்தடைந்தனர்: தொகுப்பின் பெருமை அதன் எண்ணிக்கையில் இல்லை, அதனால் வளர்ந்த மனிதர்களில் இருக்கிறது.

நூலக அறிவியலும் அருங்காட்சியகவியலும் இன்று பல்கலைக்கழகங்களில் கற்பிக்கப்படும் துறைகள். வரலாறு, இலக்கியம், வேதியியல், கணினி, ஓவியம் என எப்பின்புலத்திலிருந்து வருபவருக்கும் அங்கு வேலை உண்டு. சுவடியைப் பழுதுபார்க்க வேதியியல் வேண்டும். பட்டியலிட மொழியறிவு வேண்டும். விளக்கக் குறிப்பு எழுத நல்ல தமிழ் வேண்டும். இவற்றோடு வாயிலில் தயங்கி நிற்பவரை உள்ளே அழைக்கும் மனமும் வேண்டும். அம்மனம் உடையவரிடம் சாவி இருந்தால் எந்தத் தொகுப்பும் உயிர்பெறும்.

தெரியுமா?

சென்னை அரசு அருங்காட்சியகம் 1851 இல் தோன்றியது. பின்னர் எழும்பூர் பாந்தியன் சாலைக்கு மாறியது. அதே வளாகத்தில் கன்னிமாரா பொது நூலகம் 1896 டிசம்பர் 5 அன்று திறக்கப்பட்டது. தொடக்கக் காலத்தில் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளரே நூலகத்தின் பொறுப்பையும் வகித்தார். இந்தியாவில் வெளியாகும் நூல்களின் படிகளைச் சட்டப்படி பெறும் நான்கு நூலகங்களுள் கன்னிமாராவும் ஒன்று.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பள்ளி நூலகத்தில் நெடுநாள்களாக எவராலும் எடுக்கப்படாத ஐந்து நூல்களைக் கண்டறிந்து, அவற்றைப் பிறர் படிக்கத் தூண்டும் அறிமுகக் குறிப்புகளை எழுதி நூலக வாயிலில் ஒட்டுக.

2. உங்கள் வீட்டிலுள்ள பழைய புழங்குபொருள் ஒன்றைத் தேர்ந்து, அதன் பெயர், செய்பொருள், பயன், அதைப் பயன்படுத்தியவர் ஆகிய விவரங்களுடன் காட்சிக்கான விளக்கக் குறிப்பு ஒன்றை ஐம்பது சொற்களில் உருவாக்குக.

3. 'அரிய சுவடிகளைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தல் வேண்டும் / பாதுகாப்பறையில் வைத்தல் வேண்டும்' என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

4. அண்மையிலுள்ள நூலகத்திற்கோ அருங்காட்சியகத்திற்கோ சென்று, மாணவர்கள் மேலும் பயன்பெற அங்குச் செய்யத்தக்க மாற்றங்களைப் பரிந்துரைத்து, அதன் பொறுப்பாளருக்குக் கடிதம் எழுதுக.